சாஸேஜ் ரோலும் எழுபத்தொன்றாம் நம்பர் பஸ்ஸும்

இங்கிலாந்தின் கடலோர மார்ன்ஸீ ஊரில் ஒருவருக்கு அநியாயம் நடந்துவிட்டால் அவர் போலீஸுக்குப் போக மாட்டார், கோர்ட்டுக்கும் போக மாட்டார். 'மார்ன்ஸீ மெசெஞ்சர்' பத்திரிகைக்குச் சொல்லியனுப்பி, அநியாயத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, அதை விரலால் சுட்டிக்காட்டி, முகத்தைத் தொங்கப்போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார். ரோட்டுப் பள்ளத்தைக் காட்டியவர்கள், அள்ளாமல் விட்ட குப்பைத்தொட்டியைக் காட்டியவர்கள், பக்கத்து வீட்டுக்காரனின் வேலி தன் தோட்டத்துக்குள் எட்டிப் பார்ப்பதைக் காட்டியவர்கள் என்று ஊரில் பாதிப் பேருடைய விரல் அச்சில் ஏறியிருக்கிறது. பள்ளத்தை மூடிவிட்டதாக மட்டும் இதுவரை ஒரு செய்தியும் வந்ததில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை. போட்டோவில் வந்தாயிற்று, போதும்.

மேவிஸ் கிரிம்ஷா அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை. அவளுக்கு விஷயம் நடக்க வேண்டும். எழுபத்தொன்றாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

கடற்கரை ரோட்டிலிருந்து கிளம்பி, குன்றைத் தாண்டி, முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவில் இருக்கும் லார்க்ஃபீல்ட் முதியோர் இல்லத்து வாசலில் அவளை இறக்கிவிடும் பஸ் அது ஒன்றுதான். உள்ளே அவள் கணவர் வில்ஃப் இருந்தார். மனைவியின் பெயர் அவருக்குப் போன குளிர்காலத்திலேயே மறந்துபோய்விட்டது. ஆனால் யார் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறவர், மேவிஸ் கரண்டியை நீட்டினால் மட்டும் திறப்பார். அவளை நினைவிருந்து திறந்தாரா, கரண்டியை நினைவிருந்து திறந்தாரா என்று அவள் ஆராயவில்லை. மதியம் பஸ் ஏறினாள், கஸ்டர்டை ஊட்டினாள், திரும்பினாள். காரை விற்று வெகு காலமாயிற்று. தினம் டாக்ஸி வைத்துக்கொள்ளும் வசதி அவளுடைய பென்ஷனுக்குக் கிடையாது.

மெசெஞ்சரின் பழைய ஆபீஸில் இப்போது நகங்களுக்குச் சாயம் பூசுகிறார்கள். பத்திரிகை என்பது கெல்வின் பூத் என்கிற ஒரே ஒரு நிருபராகச் சுருங்கி, எதிர்த்த டீக்கடையில், கழிப்பறைக்குப் பக்கத்து மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தது. அவனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரு காலத்தில் பெரிய ஊழல் ஒன்றைப் பிடிக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன்.

"தம்பி, எழுபத்தொண்ணை நிறுத்தப் போறாங்களாமே," என்றாள் மேவிஸ், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"தெரியும் மிஸஸ் கிரிம்ஷா. போன வாரமே எழுதிட்டேனே."

"நான் பாக்கலயே?"

"யாருமே பாக்கல. அதான் சங்கதி." லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். "இதோ பாருங்க. பஸ் செய்திய மொத்தம் பதினோரு பேர் படிச்சிருக்காங்க. அதுல ரெண்டு பேர் நான்தான். வீட்லருந்து ஒரு தடவ, இங்கேருந்து ஒரு தடவ."

"அப்புறம் எதைத்தான்யா படிக்கிறாங்க?"

"ஒருத்தர் தோட்டத்துல மேயர் மூஞ்சி மாதிரியே உருளைக்கிழங்கு வெளஞ்சுது. நாப்பதாயிரம் பேர். மேயரே மூணு தடவ படிச்சாராம்."

மேவிஸ் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அடுத்த வாரம் கவுன்சில் கூட்டத்துல முடிவு பண்றாங்க கண்ணு. பேப்பர்ல பெருசா வந்தா கொஞ்சமாவது பயப்படுவாங்க. அவர் என் கையாலதான் சாப்பிடுவாரு. நான் போகலன்னா சாப்பிட மாட்டாரு. இதுல எழுத ஒண்ணுமே இல்லையா?"

கெல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எழுதலாம். நானே அழுதுக்கிட்டு எழுதுவேன். தலைமை ஆபீஸ்ல தூக்கிக் கடைசிப் பக்கத்துல, நாய்க்குட்டி விற்பனைக்குக் கீழ போடுவான்." லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது வேற ஏதாவது நடந்துச்சா? எதுனாலும் சரி."

"என்ன நடக்கும்? செவ்வாய்க்கிழமை பஸ் வரவே இல்ல. மழையில நின்னேன். சரி, பசிக்குதேன்னு ஒரு சாஸேஜ் ரோலைப் பிரிச்சேன். ஒரு கடற்காகம் வந்து கையிலருந்தே பிடுங்கிட்டுப் போயிடுச்சு, சனியன்."

கெல்வின் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். கோயிலில் திரை விலகியதைப் பார்த்த பக்தன் போல அவளையே பார்த்தான்.

"கையிலருந்தா?"

"கையிலருந்துதான். ஏன்?"

"முழு ரோலா, கடிச்ச ரோலா?"

மேவிஸ் முட்டாள் அல்ல. இவன் எங்கே போகிறான் என்று புரிந்துவிட்டது. "இதோ பாரு தம்பி. காகம் வரணும்னா பஸ்ஸும் வரணும். ரெண்டும் இல்லன்னா ரெண்டும் கிடையாது."

"மொத வரியில காகம், ரெண்டாவது வரியில பஸ். என் அம்மா மேல சத்தியமா."

"உங்கம்மாவ எனக்குத் தெரியும். அவ சீட்டாட்டத்துலயே ஏமாத்துவா."

"அப்ப உங்க மேல சத்தியம்," என்றான் கெல்வின்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் போட்டோ. காலிக் காகிதப் பையை ஒரு கையில் பிடிக்கச் சொன்னான்.

"சிரிக்கக் கூடாது. யாரோ செத்துப்போன மாதிரி வையுங்க மொகத்த."

"அதுக்கு எனக்குப் பயிற்சி தேவையில்ல."

"அருமை. இப்ப அந்த எதிர்வீட்டுக் கூரைய விரலால காட்டுங்க. காகம் ரோலோட அங்கதான போய் உக்காந்துச்சு?"

மேவிஸ் கூரையைக் காட்டவில்லை. கம்பத்தில் திருகியிருந்த நேர அட்டவணையைக் காட்டினாள். கெல்வின் கெஞ்சிப் பார்த்தான், கொஞ்சிப் பார்த்தான். அவள் விரலை நகர்த்தவில்லை. எதிர்ச்சாரியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி பியூலா குரல் கொடுத்தாள்: "ஏன்டி மேவிஸ், வயித்தையும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கோ! ஊரே பாக்கப்போகுது!"

கெல்வின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மெசெஞ்சரில் முதல் வரி காகம், இரண்டாவது வரி பஸ். படத்தில் அவள் விரல் நேர அட்டவணையின் மேல் கூர்மையாக நின்றது. மேவிஸ் இரண்டு பிரதி வாங்கினாள்.

மாலைக்குள் லண்டன் பத்திரிகை ஒன்று அதை எடுத்துக்கொண்டது. இரவல் செய்திக்கு இடுப்பளவு தலைப்பு: 'பட்டப்பகலில் பறக்கும் கொள்ளை! வேதனையில் துடிக்கும் பாட்டி!' காகத்துக்கு 'பிரிகேடியர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது இதற்கு முன்பே ஒரு பாதிரியாரின் மீன் வறுவலைப் பறித்த பழைய குற்றவாளி என்று பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் சொல்லியிருந்தார். மேவிஸின் வயதை அவள் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள், ஏதோ கைதி எண் மாதிரி. பஸ் என்ற சொல் எங்கேயும் இல்லை. அவள் 'வெளியில் நின்றிருந்தபோது' அது நடந்ததாம். படத்தின் வலது பக்கத்தை வெட்டிவிட்டதால் கம்பம் போய்விட்டது, அட்டவணை போய்விட்டது. மேவிஸின் விரல் படத்தின் ஓரத்தில் எதையோ காட்டி அறுந்து நின்றது.

அவளை உறுத்தியது 'பாட்டி' என்ற சொல். அவளுக்கும் வில்ஃபுக்கும் குழந்தை பிறக்கவில்லை. அதற்காக அவர்கள் அழுது முடிக்கப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. லண்டனில் யாரோ ஒருவன் டீ குடிக்கிற நேரத்தில் அவளுக்குப் பேரப்பிள்ளைகளைக் கொடுத்துவிட்டான்.

பிறகு ரேடியோவில் கூப்பிட்டார்கள். "ரோல் சூடா இருந்துச்சா, ஆறிப்போச்சா மேவிஸ்?" என்று அறிவிப்பாளர் குலுங்கிக் குலுங்கிக் கேட்டார்.

"ஆறிப்போச்சுங்க. பஸ் அவ்வளவு லேட்டு. அந்த பஸ்ஸத்தான் இப்ப நிறுத்த..."

"ஆஹா, ஆறின ரோலையே விடல பாருங்க! அடுத்து வானிலை."

ஒரு பறவை ஆராய்ச்சியாளர் கண்டனம் தெரிவித்தார். பறவை ரசிகர்கள் அந்த ஆராய்ச்சியாளரைக் கண்டித்தார்கள். ஒரு பேக்கரி மேவிஸுக்கு ஒரு பெட்டி நிறைய ரோல் அனுப்பி, அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டது. மேவிஸ் சளைக்காமல் எல்லோரிடமும் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, காகத்தின் இறக்கை எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள்.

கவுன்சில் கூட்டத்தன்று பியூலாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். தலைமை தாங்கியவர் கவுன்சிலர் ஹம்ஃப்ரி ஸ்டாக்டேல். நங்கூரம் பொறித்த பித்தளைப் பொத்தான்கள் வைத்த கோட்டு போட்டிருந்தார். குளத்துப் படகில் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும் என்பது ஊருக்கே தெரியும்.

மேவிஸைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். "நண்பர்களே! நாட்டின் மனசாட்சியை உலுக்கிய அந்த வீரத்தாய் இன்னிக்கு நம்ம நடுவுல இருக்காங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். பியூலாவும் தட்டினாள். மேவிஸ் அவளை முழங்கையால் இடித்தாள்.

"ஐயா, எனக்குக் காகத்தப் பத்தி ஒண்ணும் இல்ல," என்றாள் மேவிஸ் எழுந்து. "ரோல் போனா போகட்டும். எழுபத்தொண்ணாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தாதீங்க. என் வீட்டுக்காரருக்கு..."

"பாத்தீங்களா இந்தப் பெருந்தன்மைய!" ஸ்டாக்டேல் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாதிக்கப்பட்டவங்களே மன்னிக்கிறாங்க. ஆனா நாம மன்னிக்கலாமா? அம்மா, ஒண்ணு கேக்குறேன். சம்பவம் நடந்தது எங்க?"

"பஸ் ஸ்டாப்ல."

"எழுபத்தொண்ணு நிக்கிற ஸ்டாப்ல?"

"ஆமா. அது வரலன்னுதான்..."

"அங்க ஆளுங்க நிக்கிறாங்க. நின்னா பசிக்குது. பசிச்சா பொட்டலத்தப் பிரிக்கிறாங்க. பிரிச்சா காகம் வருது." அவர் கையை விரித்தார். உலகத்தின் ரகசியம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை முகத்தில் வழிந்தது. "ஆக, ஆணிவேர் எது? ஸ்டாப்! இந்த அம்மாவுக்கு நடந்த கொடுமை இனி இன்னொரு அம்மாவுக்கு நடக்கக் கூடாது. ஸ்டாப்பை எடுத்துடுவோம். ஸ்டாப் இல்லாத ரூட்டுக்கு பஸ் எதுக்கு? மிச்சமாகிற பணத்துல கடற்காகத் தடுப்பு அதிகாரின்னு ஒருத்தரப் போடுவோம். ஆட்சேபம் இருக்கா?"

"எனக்கு இருக்கு," என்றாள் மேவிஸ்.

"பொதுமக்களுக்குக் கேள்வி நேரம் முடிஞ்சுதும்மா," என்றார் ஸ்டாக்டேல் கனிவாக. "முடிஞ்சதும் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? ரோல் வரவழைச்சிருக்கேன்."

தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. இத்தனைக்கும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பஸ்தான் இருந்தது, காகம் இல்லை. எப்போதும் இழுபறியாகும் அந்தப் பஸ் விவகாரத்தை ஒரே மூச்சில் முடித்துக்கொடுத்தவள் மேவிஸ்தான் என்று வெளியே வரும்போது ஒரு உறுப்பினர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாசலில் கெல்வின் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் ஷூவைப் பார்த்தான்.

"நான் எழுதினதுல பஸ் இருந்துச்சு மிஸஸ் கிரிம்ஷா."

"இருந்துச்சு கண்ணு. நான் பாத்தேன்."

"தலைமை ஆபீஸ்ல எனக்குப் பாராட்டு அனுப்பியிருக்காங்க. நாயே, இத மாதிரி வாரம் ஒண்ணு கொண்டாங்கிற தொனியில." அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. "கடைசி பஸ் பத்தி ஒண்ணு எழுதட்டுமா?"

"அதுலயும் ஏதாவது பறவை உக்காரணும் இல்ல?"

அவன் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தான்.

கடைசி நாள், வழக்கமான மதியப் பஸ். அவளைத் தவிர யாரும் ஏறவில்லை. டிரைவர் டென்சில் அவளிடம் பஸ் பாஸைக் கேட்கவில்லை. "ஊட்டிட்டு நிதானமா வாங்கம்மா. வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிக்கிறேன். இனிமே லேட்டுன்னு என்னை யாரு திட்டப்போறா?" என்றான்.

லார்க்ஃபீல்டில் வில்ஃப் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலிக்கு மேல், சுவரில், லண்டன் பத்திரிகைப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். இல்லத்துப் பெண்கள் அன்பாகச் செய்த காரியம். இனி அவருக்கு யார் ஊட்டுவது என்று கேட்டபோது, "பாத்துக்கறோம் மேவிஸ், பழகிடுவாரு," என்று சொன்னவர்களும் அவர்கள்தான். சொல்லும்போது அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

கஸ்டர்டைக் கலக்கி ஒரு கரண்டி நீட்டினாள். வாயைத் திறந்தார். இரண்டாவது கரண்டிக்கு முன் கையை உயர்த்தித் தடுத்தார். சுவரைக் காட்டிச் சிரித்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"இந்தப் பொம்பளையப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ரோலைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சாம். அதுக்குப் போயி இப்படி மொகத்த வெச்சுக்கிட்டு நிக்கிறா. வேற வேலை இல்ல போல." பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. கழுத்தை நீட்டிப் படத்தை உற்றுப் பார்த்தார். "ஆனா எதையோ காட்றாளே. விரல நீட்டி. என்னத்தக் காட்றா? உங்களுக்குத் தெரியுதா?"

நாடு முழுக்கப் பார்த்த படம். ஒருவரும் கேட்காத கேள்வி.

"பஸ்ஸக் காட்றா," என்றாள் மேவிஸ்.

அவர் அதை யோசித்தார். "வந்துடுச்சா?"

வெளியே வாசலில் எழுபத்தொன்று எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தது. மேவிஸ் கரண்டியை மறுபடி நிரப்பினாள். கஸ்டர்ட் ஒரு சொட்டு அவர் மடியில் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு," என்றாள். "வாயத் தொற."