நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

திருத்தணி மலைக்குக் கீழே, அரக்கோணம் போகும் சாலையில், மிஷன் நடத்திய சின்ன மருந்தகம் ஒன்று இருந்தது. 1937இல் அதற்கு நர்ஸாக வந்தவள் ராக்னா. நார்வே தேசத்தின் வடகோடியில், கடலோரமாக இருக்கும் லங்னெஸ் அவளுடைய ஊர். நீண்ட கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு கடை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பஞ்சாயத்து. ஆண்கள் மீன் பிடித்தார்கள். பெண்கள் ஆடு மாடு பார்த்தார்கள். மார்கழியிலும் தை முதலிலும் அங்கே சூரியன் எழுவதே இல்லை என்று ராக்னா சொன்னபோது, மருந்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ராக்னா என்ற பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. அவள் ராகினியம்மா ஆகிவிட்டாள்.

அவளுக்குத் துணையாக இருந்தவள் லோயிஸ். மணவூர்க்காரி, மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷம் காலராவில் புருஷனையும் கைக்குழந்தையையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு மருந்தகத்துக்கு வந்து ராக்னாவிடம் பிரசவம் பார்க்கக் கற்றாள். மருந்தகத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள், ஆளுக்கொன்று. ஆடிக் கிருத்திகைக்கு வெறுங்காலில் காவடி எடுத்து வருகிறவர்களின் கொப்புளங்களுக்குக் கட்டுப் போட்டு மூன்று நாளைக்கு இருவருக்கும் இடுப்பு நிமிராது. மற்ற நாட்களில் பிரசவம், தேள்கடி, சிரங்கு. வேலை முடிந்ததும் இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசாமல் இருப்பதற்கு ஓர் ஆள் கூட இருப்பதே இருவருக்கும் போதுமாக இருந்தது.

1940 ஏப்ரலில் ஜெர்மன்காரர்கள் நார்வேயைப் பிடித்தார்கள். மாதாமாதம் தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதம் அதோடு நின்றது. தபால்காரர் கோதண்டம் முதலில் சில மாதங்கள் வாசலில் நின்று இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போவார். பிறகு நிற்காமலே போனார். ராக்னாவும் அந்த நேரத்தில் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டாள்.

1942இல் ஒரே ஒரு தடவை செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலமாக ஒரு படிவம் வந்தது. இருபத்தைந்து சொற்களுக்கு மேல் அதில் எழுதக்கூடாது. அம்மா நலம், தனக்கு மகன் பிறந்திருக்கிறான், குளிர் அதிகம், கவலைப்படாதே என்று தங்கை எழுதியிருந்தாள். அது லங்னெஸ்ஸிலிருந்து திருத்தணிக்கு வர ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ராக்னா இருபத்தைந்து சொற்களில் பதில் எழுதினாள். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

1944 டிசம்பரில் சபைப் போதகர் சத்தியநாதன் சென்னைப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். நார்வேயின் வடக்கிலிருந்து பின்வாங்கும் ஜெர்மன் படை, கடலோர ஊர்களைத் தீ வைத்து எரித்துவிட்டு, ஜனங்களைப் படகுகளில் ஏற்றித் தெற்கே அனுப்புகிறது என்று அதில் ஐந்தாறு வரி இருந்தது. ஊர்ப் பெயர்கள் இல்லை. ராக்னா படித்துவிட்டுப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். பள்ளிப்பட்டிலிருந்து வந்த நெசவாளி ஒருவர் காலில் புண்ணோடு காத்திருந்தார். அவருக்குக் கட்டுப் போட்டாள். சாயங்காலம் லோயிஸ் சாப்பிடக் கூப்பிட்டபோது, "அங்க எல்லாமே மரவீடு, லோயிஸ்" என்றாள். சாப்பிட வரவில்லை.

யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம் எதுவும் வரவில்லை.

1946 பங்குனியில் கோதண்டம் சைக்கிளை நிறுத்தி இறங்கி உள்ளேயே வந்துவிட்டார். கையில் நான்கு முத்திரை விழுந்த உறை. ராக்னா அதை மேசைமேல் வைத்து, காத்திருந்த ஆறு பேரையும் பார்த்து அனுப்பிய பிறகுதான் பிரித்தாள்.

எழுதியவர் லங்னெஸ் பஞ்சாயத்தின் எழுத்தர். ஊரில் ஒரு வீடுகூட நிற்கவில்லை. தேவாலயமும் பஞ்சாயத்து ஆபீசும் எரிந்தபோது பிறப்பு, இறப்பு, நிலம், வீடு என்று எல்லாப் புத்தகங்களும் எரிந்துவிட்டன. ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, கவிழ்த்துப்போட்ட படகுகளுக்கு அடியிலும் மண்குடிசைகளிலும் இருக்கிறார்கள். எந்த மனை யாருடையது, யார் எப்போது பிறந்தார் என்பதற்கெல்லாம் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. நீ பதினேழு வயதிலிருந்து ஆறு வருஷம் மருத்துவச்சியோடு வீடு வீடாகப் போனவள். உனக்கு ஞாபகமிருப்பதை எழுதி அனுப்பு. இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில், புதுப் புத்தகத்தில் இறந்தவர்கள் பக்கத்தில் முதல் பெயராக உன் அம்மாவின் பெயரைத்தான் எழுதினேன், தெற்கே போன படகிலேயே அவர் போய்விட்டார், உனக்குத் தெரிந்திருக்கும் என்று முடித்திருந்தார்.

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை, கொதிக்கும் தண்ணீரில் கத்தரிக்கோல்களைப் போட்டுக்கொண்டே, அம்மா செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது என்று லோயிஸிடம் சொன்னாள். லோயிஸ் அவள் கையிலிருந்த இடுக்கியை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. தன் குழந்தை செத்தபோது வந்தவர்கள் சொன்ன எதுவும் லோயிஸுக்கு இன்றுவரை ஞாபகத்தில் இல்லை.

அந்த வாரமே ராக்னா எழுத உட்கார்ந்தாள். கரையின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, மருத்துவச்சியோடு நடந்த வழியிலேயே மனசுக்குள் நடந்தாள். வீட்டின் பெயர், குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வேலி எதுவரை, கிணறு எந்தப் பக்கம். சித்திரை வெயிலில் காகிதம் கையில் ஒட்டியது. மணிக்கட்டுக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைத்துக்கொண்டு எழுதினாள். லோயிஸ் எதிரில் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருப்பாள். சில நாள் ஏழு வீடு நடக்கும். சில நாள் ஒரு வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

ஒரு நாள் ராக்னா பேனாவை வைத்துவிட்டு அழுதாள். தாய் செத்த செய்திக்கு அழாதவள், யாரோ ஒரு வீட்டுக் கடைசிப் பெண்ணின் பெயர் வரவில்லை என்று அழுதாள். அந்தக் குழந்தையைத் தானே கையில் வாங்கியதாகச் சொன்னாள்.

லோயிஸ் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு வெந்நீர் வெச்சது யாரும்மா?"

"புருஷனோட அம்மா. அடுப்பாண்டயே நின்னுகினு இருந்தாங்க."

"அவுங்க பேரு இன்னா?"

"கூன்வோர்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். "அவுங்க பேரத்தான் வெச்சாங்க. குழந்தைக்கும் அதே பேரு."

"எங்கள்லயும் அப்படித்தான வெப்பாங்க" என்றாள் லோயிஸ்.

அதன் பிறகு எந்தப் பெயராவது சிக்கிக்கொண்டால் லோயிஸ் கேட்பாள். அன்றைக்கு மழையா, யார் விளக்குப் பிடித்தது, நாய் இருந்ததா என்று. பிரசவ வீட்டில் என்னவெல்லாம் இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆடி பிறப்பதற்குள் லங்னெஸ்ஸின் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் காகிதத்துக்கு வந்துவிட்டன. முனைப்பாறைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த ஒரு குடிசைக்கு மட்டும், 'ஒரு ஆண், தனியாள், பெயர் ஞாபகம் இல்லை' என்று எழுதினாள். அங்கே பிரசவம் நடந்ததே இல்லை. மருத்துவச்சி அந்தப் படியை மிதிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டர் பரசுராமன் அந்தக் கனத்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நார்வேக்கு என்ன கட்டணம் என்று புத்தகத்தில் தேடினார். ராக்னா ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் சாலையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். நாலு மாதமாகத் தினமும் போய் வந்த ஊருக்கு இனிமேல் போக வேலை இல்லை.

மறு வருஷம் மாசியில் பதில் வந்தது. அவள் எழுதிய பட்டியலில், வேறு யாரும் சொல்லாத நாற்பத்தொரு பேர் இருந்தார்களாம். முனைப்பாறைத் தனியாளின் பெயர் அங்கேயும் யாருக்கும் தெரியவில்லையாம். தங்கை தெற்கிலேயே தங்கிவிட்டாள். ராக்னாவின் வீட்டு மனையை யாரும் கேட்டு வரவில்லை. ஊரில் இப்போது முந்நூறு பேர், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் பதினாலு பேர், மருத்துவச்சி இல்லை. வருகிறாயா என்று எழுத்தர் கேட்டிருந்தார்.

ராக்னா ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், மருந்தகத்தைப் பூட்டிவிட்டு வந்து, கடிதத்தை முழுக்கத் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு லோயிஸின் முகத்தைப் பார்த்தாள்.

போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் இருந்துவிடுவாள் என்று லோயிஸுக்குத் தெரிந்தது. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

"போங்கம்மா" என்றாள். "பதினாலு பேரு வயித்த தூக்கிகினு நிக்கிறாங்களே."

"இங்க?"

"இங்க நான் இருக்கறேன்."

கப்பலில் இடம் கிடைத்து 1947 கார்த்திகையில்தான் ராக்னா புறப்பட்டாள். பம்பாய் மெயிலில் அரக்கோணத்தில் ஏறினால் இடம் கிடைக்கும் என்று சொன்னார்கள். லோயிஸ் அதுவரை கூடவே போனாள். வண்டி வரும்வரை இருவரும் இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தால் தாமதிக்காமல் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு என்று ராக்னா இரண்டு முறை சொன்னாள். லோயிஸ் இரண்டு முறையும் ஆங் என்றாள். மெயில் புறப்பட்டுத் திருத்தணி வழியாகத்தான் போயிற்று. லோயிஸ் ஊர் திரும்ப அடுத்த பாசஞ்சருக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தாள்.

மிஷன் வேறு நர்ஸை அனுப்பவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு டாக்டர் வந்து போனார். மற்ற நாட்களில் லோயிஸ்தான். பக்கத்து அறையைப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து மூடுவாள். வேலை முடிந்தபின் இருக்கும் அமைதி முன்பு இருந்ததைப் போல் இல்லை.

சித்திரையில் ராக்னாவின் கடிதம் வந்தது, தமிழில். பஞ்சாயத்து கட்டிக்கொடுத்த ஒற்றை அறையில் இருக்கிறாள். அதுவரை பதினோரு பிள்ளைகளைக் கையில் வாங்கியிருக்கிறாள். பழைய வீட்டின் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. பிறந்த தேதி கேட்டு ஜனங்கள் அவளிடம் வருகிறார்கள், கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: 'இங்கே இரண்டு பேர் சந்தித்தால் ஊர் எரிந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள். யார் எந்தப் படகில் ஏறினார், யார் குகையில் ஒளிந்தார் என்று. நான் அன்றைக்கு உன்னோடு இருந்தேன். அதனால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன்.'

லோயிஸ் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பதில் எழுத நான்கு நாள் ஆயிற்று. பள்ளிப்பட்டு மணியம்மைக்கு இரட்டைப் பிள்ளை, இரண்டும் நலம் என்றும், தைக் கிருத்திகைக்கு இந்த வருஷம் கூட்டம் குறைவு என்றும், மழை இல்லை என்றும் எழுதினாள். தனியாகத்தான் இருக்கிறேன் என்று எழுதப்போய், அதை எழுதாமல், உங்களைப் பற்றி ஊரில் எல்லாரும் விசாரிக்கிறார்கள் என்று எழுதினாள். விசாரித்தவர்கள் நான்கைந்து பேர்தான்.

ராக்னா திரும்பி வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதம் என்று வந்துகொண்டிருந்தது. லோயிஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள். கடிதம் போய்ச் சேர இப்போது ஆறு வாரம்தான் ஆயிற்று.