கெடாத ஓடைக்குக் கூலி இல்லை

பத்து மணிக்கு நான் ஓடைத் தண்ணீரை அளக்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு இசக்கித்தாய் அக்கா ஆட்டுப்பட்டியின் படலைத் திறந்துவிட்டு, ஓடைக்கரையை அடைத்திருந்த முள்வேலியில் கை வைத்தாள்.

"வேண்டாம்க்கா."

"ஏன் வேண்டாம்? எந் தங்கச்சி பாக்கியவதி ஊர்ல ஆட்ட ஓடைக்குள்ள விட்டுக் கலக்குனாங்க. இனிமே கலக்காதீங்கன்னு வருஷா வருஷம் அவங்களுக்குத் துட்டு. பதினோரு வருஷமா அடைச்சு வச்சிருக்க எனக்கு என்ன குடுத்திய, டீச்சர்?"

பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து மூன்று வருடமாக இந்த மலையடிவாரத்துக்கு வருகிறேன். தாமிரபரணிக்குப் போகும் ஓடைகளைக் காக்க ஊர்க்காரர்களுக்குப் பணம் கொடுத்தால் பலன் உண்டா என்பது எங்கள் ஆராய்ச்சி. பாக்கியவதியின் ஊர் பணம் வாங்கும் ஊர். இந்த ஊர், பணம் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். அதை இங்கே சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஒவ்வொரு முறையும் இவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

"இங்க தண்ணி தெளிவா இருக்குல்லாக்கா. அதான்..." என்று இழுத்தேன்.

"அப்ப கலங்குனா குடுப்பியளோ?"

பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. "அடுத்த வருஷம் தண்ணி கெட்ட ஊரத்தான் சேப்பாங்க. இன்னைக்குத்தான் கடைசி அளவு, அத வச்சுத்தான் முடிவு."

"பெறவு என்ன? ஏட்டி, தள்ளி நில்லு."

டீச்சர் போய் 'ஏட்டி' வந்துவிட்டது. வேலியை இழுத்து எறிந்தாள். கீழே வளைவில்தான் ஊரே குடிக்கத் தண்ணீர் எடுக்கிறது. அவள் மருமகளும் அங்கேதான் குடத்தோடு நின்றாள். நாற்பது ஆடுகளும் பட்டியை விட்டுப் பாய்ந்து வந்தன.

ஓடைக்குப் போகவில்லை. கரைமேல் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குப் போய் நின்றன. பிறந்ததிலிருந்து அவள் குடத்தில் மொண்டு ஊற்றியதைத்தான் அவை குடித்திருக்கின்றன. இன்று அவள் ஊற்றவில்லை. காய்ந்த தொட்டியைப் பார்த்துக் கத்தத் தொடங்கின.

"அங்கன எறங்குங்க, மூதேவிகளா!" கம்பால் விரட்டினாள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் தொட்டிக்கே வந்தன. இன்னும் ஓங்கி அடித்தாள். ஒரு குட்டி தொட்டிக்குள் தலையை விட்டு வெறும் சிமெண்டை நக்கியது.

கம்பைத் தூக்கி எறிந்தாள். அவள் அழுதது ஆத்திரத்திலா, ஆற்றாமையிலா, எனக்குத் தெரியாது. குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கால் பட்டுக் கலங்கிவிடாமல், வழக்கம்போல அந்தப் பாறைமேல் நின்று பைய மொண்டாள்.

பத்து மணி. கலங்கலை அளக்கும் கண்ணாடிக் குழாயில் ஓடைத் தண்ணீரை நிரப்பி மேலிருந்து பார்த்தேன். அடியில் இருந்த கறுப்புக் குறி பளிச்சென்று தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"சுத்தமா இருக்குக்கா."

"நாசமாப் போச்சு," என்றாள், அடுத்த குடத்தை மொண்டுகொண்டே.