கூடத்தில் இல்லாத தூண்

1

இந்தக் கதை ஒரு கால் பெருவிரலிலிருந்து எனக்குக் கிடைத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கிடைத்த நொடியில் சந்தோஷம்தான் வந்தது. பதினான்கு வருஷமாக ரிஷிகேசத்து யோகப் பள்ளி ஒன்றில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தத்துவ வகுப்பு எடுக்கிறேன். நல்ல கதை ஒன்று அகப்படாதா என்று ஏங்கிக் கிடந்தவன். மூன்று நாளாகக் கை பரபரக்கிறது, சோறு இறங்கவில்லை. [சோறு எங்கே? ரொட்டி.]

முதல் தொடக்கம்: குரு பூர்ணிமையன்று காலை, சந்தன மணம் கமழ, கங்கையின் மேல்

வேண்டாம். ஊதுவத்தி விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: ஆச்சார்யா தேவ்விரத் ஒரு கொடியவர்.

இதுவும் ஆகாது. எனக்கு டைபாய்டு வந்தபோது ஏழு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கிச்சடி ஊட்டியவர் அவர். கொடியவராக இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரே மூச்சில் முடித்திருப்பேன்.

2

வில்லையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு விரிப்பின் தலைமாட்டிலும் ஒரு மரவில்லை இருக்கும். பச்சைப் பக்கம் மேலே இருந்தால் ஆசிரியர் தொட்டுத் திருத்தலாம். சிவப்பு என்றால் தொடக் கூடாது. யாருக்கு என்ன நிறம் என்று முதல் நாளே கேட்டு, தினமும் அதன்படி பரப்பி வைப்பவள் குசும் நேகி, உதவி ஆசிரியை, பக்கத்து மலைக்காரி. வில்லைகளுக்கு வர்ணம் பூசியவளும் அவள்தான்.

பள்ளியின் தலைமைக் குருவான ஆச்சார்யாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்காது. "குரு தொட்டா ஆசீர்வாதம், தாணுஜி. அதுக்கு வாசல்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டுத்தான் வரணுமா?" என்பார் என்னிடம். ஆனால் பள்ளியின் இணையதளத்தில் முதல் படமே அந்த வில்லைதான்.

3

குரு பூர்ணிமையன்று பாதபூஜை நடந்தது. மாணவர்கள் வரிசையாக வந்து ஆச்சார்யாவின் பாதத்தைக் கழுவி, பெருவிரலில் சந்தனம் அப்பினார்கள். (ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இருநூறு மணி நேரப் படிப்பு. சான்றிதழ் கடைசி நாளில்தான் கைக்கு வரும். அதற்கும் முன்னால் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டி எழுதியாக வேண்டும்.)

சந்தனம் காயுமுன் வகுப்பு தொடங்கிவிட்டது. கொரியாவிலிருந்து வந்த ஹேவோனுக்கு முதுகில் பழைய அறுவைச் சிகிச்சை. இருபது நாளாக அவளுக்குச் சிவப்புதான். உட்கார்ந்து குனிந்து காலைப் பிடிக்கும் ஆசனம். எல்லோர் முகமும் முழங்காலில் இருந்தது, முன்னால் செய்து காட்டிய குசுமின் முகமும்தான். நிமிர்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஆச்சார்யா நடந்து வந்தார். ஹேவோன் முன்னால் நின்றார். பெருவிரலால் வில்லையைப் பச்சைக்குப் புரட்டினார். பிறகு பின்பக்கம் போய் அவள் முதுகின் மேல் தன் மார்பை வைத்து அழுத்தினார்.

அவள் தொடைக்குப் பின்னால் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது.

[முதல் வரைவில் இந்த இடத்தில் "நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால்" என்று ஒரு வரி இருந்தது. எங்கள் கூடத்தில் தூணே கிடையாது.]

4

ஹேவோன் இப்போது டேராடூன் மருத்துவமனையில் இருக்கிறாள். அன்று வில்லையை அவள் கவனிக்கவில்லை. அலறல் கேட்டு நிமிர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்தது பச்சை. ஆகவே குசும் மாற்றி வைத்துவிட்டாள் என்கிறது பள்ளி. திங்கட்கிழமை அறங்காவலர் கூட்டம், அன்றோடு அவளுக்கு வேலை போய்விடும். மாணவியின் காலைக் கெடுத்தவள் என்று பேர் வாங்கியவளை இந்த ஊரில் வேறெந்தப் பள்ளியும் வாசலில்கூட நிற்க விடாது.

நேற்று மழையில் குசும் குடையோடு வந்தாள். அதுவரை எழுதியதை இந்தியில் உற்சாகமாகப் படித்துக் காட்டினேன். சந்தனப் பெருவிரல் வில்லையைப் புரட்டிய இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சந்தனமா பைஜி?" என்றாள். மலைக்காரர்கள் அண்ணாவைப் பைஜி என்பார்கள்.

"ஆமா. விரல்லேருந்து வில்லையில ஒட்டியிருக்கும். அந்த வில்லை ஒண்ணு இருந்தா போதும்."

"ஒட்டித்தான் இருந்துச்சு. சாயங்காலம் எல்லாத்தையும் கழுவறப்போ பார்த்தேன். பூஜை சமயத்துல எப்படியோ பட்டிருக்கும், குருவோட பிரசாதம்னு..." தன் நெற்றியைத் தொட்டாள். "இங்க இட்டுக்கிட்டேன். மிச்சத்தைக் கழுவிட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிரமாதம்" என்றேன். வாய் தவறி வரவில்லை, கதைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று மனசாரச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

அவள் என்னையே பார்த்தாள். "நீங்க பார்த்தீங்களா, இல்லையா?"

"கதையில ஒருத்தர் பார்க்கிறார்."

"கதையை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு ஒரு வரி போதும். பேர் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரே ஒரு வரி."

"எழுதறேன். இதை முடிச்சுட்டு..."

"நிதானமா முடிங்க. அப்புறம் நான் எந்த ஓட்டல்ல பாத்திரம் தேய்க்கிறேனோ, அங்க வந்து படிச்சுக் காட்டுங்க."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

5

முடிவுகள்:

அ. ஹேவோன் ஊன்றுகோலோடு கூட்டத்துக்கு வந்து உண்மையைச் சொல்கிறாள். [எந்த உண்மையை? அவள் முகம் முழங்காலில் இருந்தது.]

ஆ. ஆச்சார்யா மனம் மாறி ஒப்புக்கொள்கிறார். [உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா.]

இ. சாட்சி ஒருவர் எழுந்து

இந்த வரியை நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் விட்டுவிட்டேன். என் அறை, சாப்பாடு, சம்பளம் எல்லாம் அந்தப் பள்ளியில்தான். பயமாக இருக்கிறது. அதனால்தான் ஒரு வரி கேட்டவளுக்கு ஐந்து பகுதி எழுதியிருக்கிறேன்.

6

தாணுமாலயன் ஆகிய நான், அன்று ஹேவோனின் விரிப்புக்கு நேராகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். சிவப்பாக இருந்த வில்லையை ஆச்சார்யா தேவ்விரத் கால் பெருவிரலால் பச்சைக்குப் புரட்டியதைப் பார்த்தேன்.

அப்பாடா. எழுதிவிட்டேன். எழுந்து ஆடலாம் போலக்கூட இருக்கிறது. ஆனால் இது தமிழில் இருக்கிறது. அறங்காவலர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இந்தியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று சனிக்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு முழுசாகக் கிடக்கிறது. என்னை எனக்குத் தெரியும், ஒரு தூணைக் கட்டி எழுப்ப எனக்கு ஒரு நாள் தாராளம்.

நீங்கள் படித்துவிட்டீர்கள். நான் பார்த்தது இப்போது உங்களுக்கும் தெரியும். கூட்டம் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு. 'சரியாகத் தெரியவில்லை, தூண் மறைத்தது' என்று நான் அங்கே இழுத்தால், தயவுசெய்து யாராவது எழுந்து கேளுங்கள்: எந்தத் தூண்?