அண்ணி வீட்டுத் தொட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவுக்கே தெரியும். வராமல் என்ன செய்யும்? ஊரிலேயே இல்லாத ஒரு மலேரியா கொசு எங்கிருந்தோ வந்து குடியேறிவிட்டது. மகாராணிக்குச் சாக்கடை ஆகாதாம். மொட்டைமாடித் தொட்டியின் நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். செவ்வாய்தோறும் வீடு வீடாக ஏறி, வெள்ளைக் கரண்டியால் மொண்டு, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. தொட்டியை மூடாதவர்களை நான் திட்டுகிற திட்டில் புழுவே செத்துவிடும்.

ஒரு வீட்டுக்கு மட்டும் போக மாட்டேன். தெருக்கோடியில் இருக்கும் அண்ணி வீடு. என் கணவரின் அக்கா. "உன் கைக்கு வந்தப்புறம் என் தம்பி இளைச்சுத் துரும்பாயிட்டான்" என்று நாலு பேர் முன்னால் சொன்னவள். அவள் படியை மிதிப்பேனா? மாடி ஏறாமலேயே 'புழு இல்லை' என்று நோட்டில் எழுதிவிடுவேன். ஐந்து வாரம் எழுதினேன்.

ஞாயிறன்று கணவருக்குக் குளிர் நடுக்கம். செவ்வாய் காலை விரலில் குத்திப் பார்த்து, மலேரியா என்று சொல்லிவிட்டார்கள். எங்கே கடித்தது என்று தெரிந்தால்தான் மற்றவர்களைக் காப்பாற்ற முடியும்.

"சாயங்காலம் தினமும் எங்க போறீங்க?"

"சும்மா... நடக்க."

தேள் கொட்டிய திருடன் போல விழித்தார்.

"நடந்தா தொப்பை ஏன் வளருது?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா வீட்டு மொட்டைமாடிக்கு. அவ சாப்பிடக் குடுப்பா."

கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. என் பொய் இந்த மனிதரைக் கடித்துவிட்டதே!

கரண்டியும் நோட்டுமாக ஓடினேன். அண்ணி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. நேராக மாடி ஏறினேன். தொட்டி மூடியில் கை நுழையும் அளவுக்கு உடைசல். ஒரே மொள்ளலில் ஒன்பது புழு. மெத்தை போட்டாற்போல தண்ணீர்மேல் படுத்துக் கிடந்தன.

பின்னாலேயே ஏறி வந்த அண்ணியிடம் நோட்டை நீட்டினேன். "அஞ்சு வாரம் பாக்காமலே எழுதிட்டேன் அண்ணி. தப்பு என்னோடது." வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் நோட்டைப் பார்க்கவேயில்லை. "செவ்வாய்க்கிழமைன்னா காலையிலேயே கதவத் தொறந்து வச்சிடுவேன். நீ பக்கத்து வீட்டோட திரும்பிப் போயிடுவ." கரண்டிக்குள் எட்டிப் பார்த்தபடி, "தம்பிக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

"மாத்திரை குடுத்திருக்காங்க. சரியாயிடும்." என் வாய் சும்மா இருக்குமா? "ஆனா இப்பதான் அண்ணி, நெஜமாவே இளைச்சிருக்கார்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "தண்ணிய நான் தொறந்து விடறேன். நீ உக்காந்து அந்தப் பொய்யெல்லாம் அடி."

ஐந்து செவ்வாயையும் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டேன்.