நாற்பது நாற்காலி

அண்ணனுக்கு ஊரில் நாற்காலி வாடகைக்கு விடுகிற தொழில். நாற்பது வருடமாக அதே தொழில். கல்யாணமோ சாவோ, எந்த வீட்டு வாசலில் அவருடைய லாரி நின்றாலும், வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "நிஜமா எத்தனை பேர் வருவாங்க? பெருமைக்குச் சொல்லாதீங்க." அவர்கள் சொல்கிற எண்ணிக்கையில் பத்தைக் குறைத்துத்தான் இறக்குவார். நாலு பேர் நின்றால் கூட்டம் மாதிரித் தெரியும், நாலு நாற்காலி காலியாகக் கிடந்தால் குடும்பத்துக்கே தலைகுனிவு என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்ட அண்ணன்தான் கடல் தாண்டித் தங்கை நர்ஸம்மா வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார்.

நர்ஸம்மா முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று ஓய்வு பெற்றவள். அவள் புருஷன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்காராமல், சபையில் பெயர் கொடுத்து, பதினெட்டு மாத ஊழியத்துக்கென்று இந்த அந்நிய நகரத்துக்கு வந்துவிட்டார்கள். பதினாலு மாதம் ஓடிவிட்டது. டிரைவர் சபையின் வேனை ஓட்டுகிறார். நர்ஸம்மா வீடு வீடாகப் போகிறாள்.

வியாழக்கிழமை அண்ணனும் அண்ணியும் பெட்டி படுக்கையோடு வந்தார்கள். இரண்டே அறை. இருக்கிற ஒரே கட்டிலை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, நர்ஸம்மாவும் டிரைவரும் சமையலறை ஓரத்தில் பாயை விரித்துக்கொண்டார்கள். அண்ணன் சும்மா இருப்பாரா? குழாய் ஒழுகுவதைப் பார்த்தார், ஜன்னல் சரியாகச் சாத்தாததைப் பார்த்தார், கட்டில் காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்த அட்டையைக்கூடக் குனிந்து பார்த்தார். பிறகு கடைக்கு அவளோடு போய், அவள் வெங்காயம் கேட்டதற்குக் கடைக்காரன் ஏன் கையைக் கூப்பிச் சிரிக்கிறான் என்று விசாரித்தார்.

"நான் வேதாகமத்தை வெச்சுத்தான் இந்த ஊர் பேச்சைக் கத்துக்கிட்டேன்ணா. நான் பேசறது அவங்களுக்கு 'ரெண்டு வெங்காயம் தந்தருளும்'ங்கற மாதிரி கேக்குதாம். அவன் 'அப்படியே ஆகக்கடவது'ன்னு எடுத்துக் குடுப்பான்."

அண்ணன் வழியெல்லாம் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பைக்குள் கையை விட்டு நாலு டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். திங்கட்கிழமை காலை விமானம். அவருக்கும் அண்ணிக்கும் இரண்டு. மீதி இரண்டு யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

"இன்னும் ஆறு வாரத்துல உன் பொண்ணுக்குப் பிரசவம். தலைப்பிரசவம். ஊரான் பிள்ளைக்கெல்லாம் பிரசவம் பாத்த கை உன் கை. 'மாமா, எப்படியாவது அம்மாவைக் கூட்டிட்டு வாங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. நான் வாக்குக் குடுத்துட்டேன்மா."

நர்ஸம்மா புருஷனைப் பார்த்தாள். டிரைவர் வழக்கம்போல, "உன் இஷ்டம்தான். போலாம்னா போலாம், இருக்கலாம்னா இருக்கலாம்" என்று நழுவிக்கொண்டார். இந்த மனிதர் பஸ்ஸைத் தவிர வேறு எதையும் தானாகத் திருப்பியது கிடையாது.

அவளுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அதை வெளியே சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. மகளின் வயிற்றைப் படத்தில் மட்டும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்விட்டது. இங்கே இருந்து கிழித்தது என்ன? அவள் வந்தபோது ஞாயிறு ஆராதனைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். பதினாலு மாதம் தெருத் தெருவாக நடந்த பிறகு பதினோரு பேர் வருகிறார்கள். ஒவ்வொரு வாரமும் அறிக்கையில் 'பதினொன்று' என்று எழுதும்போது கை கூசியது.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சொல்றேன்ணா" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவள் வீடுகளுக்குப் போனபோது அண்ணனும் கூடவே கிளம்பிவிட்டார். முதல் வீடே கிரேன்காரர் வீடு. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆறு வருடமாகப் படி இறங்கவில்லை. சாமான்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கித் தருகிறார்கள். அண்ணன் நாலு மாடியும் ஏறி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று, படி கட்டியவனைத் திட்டினார்.

நர்ஸம்மா உள்ளே போனதும் ஒரு பேசினில் வெந்நீர் வைத்தாள். கிரேன்காரரின் காலைப் பத்து நிமிடம் ஊறவிட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நகத்தை வெட்ட ஆரம்பித்தாள். எப்போதும் சுண்டு விரலில்தான் தொடங்குவாள். கட்டை விரல் நகம் கொம்பு மாதிரி தடித்துக் கிடக்கும்; அதில் முதலில் கை வைத்தால் வயதானவர்கள் பயந்து காலை இழுத்துக்கொள்வார்கள். சுண்டு விரலில் வலிக்கவில்லை என்று தெரிந்துவிட்டால் மிச்ச நாலையும் நம்பிக் கொடுத்துவிடுவார்கள். முதல் தடவை அவள் வந்தபோது கிரேன்காரரின் நகங்கள் சதைக்குள் வளைந்து இறங்கியிருந்தன. செருப்பில் கால் நுழையாது. குனிய முடியாத கிழவர், வெட்டிவிட ஆளும் இல்லை.

அவர் ஏதோ கேட்டார். அவள் அண்ணனைக் காட்டி ஏதோ சொன்னாள். கிழவர் அண்ணனை வெகுநேரம் பார்த்தார்.

"என்னவாம்?"

"நீ யாருன்னு கேட்டார். என் கூடப்பிறந்த அண்ணன், என்னைப் பாக்க வந்திருக்கார், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வருவார்னு சொன்னேன்."

அன்று ஒன்பது வீடு. இரண்டு வீட்டில் நகம், ஒரு வீட்டில் புண்ணுக்குக் கட்டு. சலவைக்கடைக்காரம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்தாள். இரட்டைப் பிள்ளைக்காரி வீட்டில் அவள் குளித்துவிட்டு வரும்வரை இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். எல்லா வீட்டிலும் அண்ணனைக் காட்டிக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவார் என்று பெருமை அடித்துக்கொண்டாள். வேதத்தைத் திறந்தது மூன்றே வீட்டில்.

கடைசிப் படி இறங்கும்போது அண்ணன் கேட்டேவிட்டார். "ஏம்மா, கோவிச்சுக்காதே. நகம் வெட்டறதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியைத்தான் அவளே பல மாதமாகத் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் அது நெஞ்சில் முள் மாதிரி தைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஆராதனைக் கூடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த மடக்கு நாற்காலிகளை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள். அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தொழில்காரர் கண்ணல்லவா, வாய் தானாக எண்ணியது.

"நாப்பது போட்டிருக்கே. எத்தனை பேர் வருவாங்க? பெருமைக்குச் சொல்லாதே."

"பதினொண்ணு."

"பின்ன எதுக்கு நாப்பது?"

"நான் போற வீடுங்க அத்தனை இருக்குண்ணா. என்னைக்காவது ஒருத்தர் வந்தா, உக்கார இடம் தேடி நிக்கக்கூடாது. அதான் வீட்டுக்கு ஒண்ணு போட்டு வைக்கறேன்."

"வந்திருக்காங்களா?"

"இல்ல."



ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணன் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். டிரைவரும் யாரையோ ஏற்றி வரவேண்டும் என்று சொல்லி வேனை எடுத்துக்கொண்டு சீக்கிரமே போய்விட்டார். நர்ஸம்மா அண்ணியைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்தின் நடுவே பன்னிரண்டு நாற்காலிகள். அழகாக, இரண்டு வரிசையாக, நெருக்கமாகப் போட்டிருந்தன. மீதி இருபத்தெட்டும் மடங்கிப் பின்சுவரில் சாய்ந்திருந்தன. அவற்றின்மேல் ஒரு திரைத்துணியைக்கூடப் போட்டு மறைத்திருந்தார் அண்ணன்.

"மாப்பிள்ளைகிட்ட சாவி வாங்கிட்டு வந்தேம்மா" என்றார், கையைத் தட்டிக்கொண்டே. "பாரு, இப்ப நிறைஞ்ச சபை மாதிரி இருக்கு. காலி நாற்காலிக்கு முன்னாடி என் தங்கச்சி நிக்கறதைப் பாக்க எனக்கு மனசு வரல."

அண்ணன் பாசத்தில்தான் செய்தார். அதுதான் தாங்க முடியவில்லை. பதினாலு மாதமாக அவள் தன் கண்ணுக்கே காட்டாமல் வைத்திருந்த கணக்கை, நாற்காலியாகவே போட்டுக் காட்டிவிட்டார்.

"திங்கக்கிழமை நானும் வர்றேன்ணா" என்றாள்.

அண்ணன் அவள் தலையில் கையை வைத்தார். அண்ணி அவளை உற்றுப் பார்த்தார்.

வழக்கமான பதினோரு பேர் வந்து உட்கார்ந்தார்கள்; அண்ணனும் அண்ணியும் பின்னால் ஆளுக்கொரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். போதகர் எழுந்து புத்தகத்தைத் திறந்தார். அப்போது கதவு திறந்தது. சலவைக்கடைக்காரம்மா நின்றார், இஸ்திரி மடிப்புக் கலையாத உடையில். பின்னால் அவர் மகன், மருமகள். பன்னிரண்டாவது நாற்காலியில் சலவைக்கடைக்காரம்மா உட்கார்ந்துவிட, மற்ற இரண்டு பேரும் நின்றார்கள். அண்ணன் எழுந்து போய்த் திரைத்துணியை விலக்கி இரண்டு நாற்காலி எடுத்து வந்தார். போட்டு நிமிர்வதற்குள் இரட்டைப் பிள்ளைக்காரி, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக. அவளுக்குப் பின்னால் இரவுக் காவலாளி, சீருடையைக்கூடக் கழற்றாமல். அவனுக்குப் பின்னால் கட்டுப் போட்ட காலோடு தையல்காரர். வெங்காயக்காரன்கூட வந்திருந்தான்.

நர்ஸம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. இவர்கள் யாரையும் அவள் இன்றைக்கு வரச் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து பல மாதம் ஆகிவிட்டது. சலவைக்கடைக்காரம்மாவின் காதருகே குனிந்து, என்ன விசேஷம் என்று கேட்டாள்.

"நீங்க எங்க வீட்டுக்கெல்லாம் வந்தீங்க" என்றார் அந்தம்மா, இதென்ன கேள்வி என்கிற மாதிரி. "இப்ப உங்க வீட்டுக்கு ஆள் வந்திருக்குன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம். நாங்க வந்து பாக்க வேண்டாமா?"

அதற்குள் அண்ணன் கோட்டைக் கழற்றி வீசியிருந்தார். கைக்கு மூன்றாக ஆறு நாற்காலியை இடுக்கிக்கொண்டு வந்து, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி விரித்து, பார்க்காமலே வரிசையில் போட்டார். அறுபத்தாறு வயது. நாற்பது வருடக் கை அல்லவா, ஒரு சத்தம் எழவில்லை. முப்பது ஆயிற்று. முப்பத்தைந்து. நாற்பதாவது நாற்காலியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். அண்ணன் தன் நாற்காலியைக் கொடுத்தார், அண்ணியையும் எழுப்பினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. "பத்தாது" என்றார், யாரிடமோ.

போதகர் பாட்டைத் தொடங்கப்போன நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. டிரைவர் உள்ளே வந்து கதவை அகலத் திறந்து பிடித்தார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

கிரேன்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தடி. தோய்த்த சட்டை, கழுத்துவரை பொத்தான். காலில் ஷூ. பளபளவென்று துடைத்த, கயிறு கட்டிய கறுப்பு ஷூ.

"வெள்ளிக்கிழமை ராத்திரியே போன் பண்ணிட்டார்" என்று டிரைவர் கிசுகிசுத்தார். "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னார். தூக்கிட்டு வந்துடறேன்னு சொன்னேன், வேணாம்னுட்டார். எழுபத்திரண்டு படி. ஒவ்வொண்ணா இறங்கினார். ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. நான் முன்னாடி பின்பக்கமா இறங்கிக்கிட்டே வந்தேன்."

கிழவர் வழியில் யாரையும் பார்க்காமல் நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கி முடித்து, நிதானமாகப் பேசினார். பேசி முடித்ததும் அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றார்?"

நர்ஸம்மா கிழவரையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். இதை அவள் வாயாலேயே அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

"'உங்க வீட்டுப் பொண்ணை எங்களுக்காக விட்டுக் குடுத்திருக்கீங்க. உங்க வீட்டுலயும் அவங்களைத் தேடுவாங்கன்னு எனக்குத் தெரியும். இதுக்கு நேர்ல வந்துதான் நன்றி சொல்லணும். அதான் ஷூ போட்டுக்கிட்டு வந்தேன்'ங்கறார்."

அண்ணன் குனிந்து அந்த ஷூவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். நர்ஸம்மாவுக்கோ தன் வேலையா இது என்று நம்பவும் முடியவில்லை, கர்த்தாவே என்று சொல்லவும் வாய் வரவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வெங்காயக்காரன் எழுந்து இடம் விட்டான். அண்ணன் கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் அதில் உட்கார வைத்தார். ஆராதனை முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அண்ணன் முடியும்வரை சுவரோரம் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே மகளுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"அம்மா வர்றாங்களா மாமா?"

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாக்குக் கொடுத்த மனிதர். "கண்ணு, நான் இங்க பன்னெண்டு நாற்காலி போட்டேன்" என்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். படியைச் சொன்னார், ஷூவைச் சொன்னார், நகம் வெட்டத்தானா வந்தாய் என்று கேட்ட தன் வாயையும் சொன்னார். "கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். என்னால முடியலம்மா. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கூட்டிட்டு வருவேன்?"

"பிரசவத்துக்கு நான் இருக்கேன்டா கண்ணு" என்றார் அண்ணி குறுக்கே. "நாளைக்கு வந்து இறங்கினதும் உன் வீட்டுக்குத்தான் வர்றேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. நர்ஸம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மகள் ஒரு தடவை 'வாம்மா' என்று சொல்லியிருந்தால், அவள் எழுந்து பெட்டியைக் கட்டியிருப்பாள்.

"சரி அத்தை, நீங்களே வாங்க" என்றாள் மகள் கடைசியாக. "ஆனா அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க மாமா. பாப்பாவுக்கு முதல் நகம் அம்மாதான் வந்து வெட்டணும். அதுவரைக்கும் யாரையும் தொட விடமாட்டேன். கைக்கு உறை போட்டு வெச்சிருப்பேன்."

நர்ஸம்மா கணக்குப் போட்டாள். அவள் ஊர் போய்ச் சேரும்போது பிள்ளைக்கு இரண்டரை மாதம் ஆகியிருக்கும். அவள் போனைக் கையில் எடுத்தாள்.

"அவ்வளவு நாள் வைக்கக்கூடாதுடி. மூஞ்சியெல்லாம் கீறிக்கும்" என்றாள். "நீயே வெட்டு. பால் குடிச்சுட்டுத் தூங்கும்போது வெட்டு. சுண்டு விரல்ல ஆரம்பி."