நாற்பது வயலினும் ஒரு ராட்டினமும்

1991-ல் ஒரு ஞாயிறு மேட்னி. மண்ணூர் டென்ட் கொட்டகையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, புதுப் பேய்ப்படம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். இசையமைப்பாளர் ஸ்ரீதர் தன் பெயருக்கு முன்னால் ‘நாதப் பேரொளி’ என்று தானே போட்டுக்கொண்டவர். விநியோகஸ்தர் பரசுராமன் இன்று படத்தை வாங்காவிட்டால் நாளையே வேறு ஆளை வைத்து இசையை மாற்றிவிடுவதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். எனவே பேரொளி திரையைப் பார்க்கவில்லை. பரசுராமனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கர் கிழியாமலிருக்க, சத்தம் ஏறும்போதெல்லாம் வால்யூமைக் குறைப்பது ஆபரேட்டர் கோதண்டத்தின் வழக்கம். தன் படத்தில் அதைத் தொடக்கூடாது என்று காலையிலேயே ஸ்ரீதர் மிரட்டி வைத்திருந்தார்.

முதல் பேய் வந்தது. யாரும் பயப்படவில்லை. நாற்பது வயலின்கள் முன்னதாகவே வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தன. மணலில் உட்கார்ந்திருந்த கங்கம்மாள் வயலின் ஏறியதும் மகளின் கண்ணைப் பொத்தினாள். இறங்கியதும் கையை எடுத்தாள். மூன்றாவது பேய்க்கு ஒருவர் நிதானமாக எழுந்து முறுக்கு வாங்கப் போனார். பரசுராமன் கொட்டாவி விட்டார்.

ஒரே ஒரு இடத்தில்தான் கொட்டகை அசையாமல் இருந்தது. கிணற்று ராட்டினம் தானாகச் சுற்றும் காட்சி. அந்தக் கிறீச்சொலியோடு ஒற்றைப் புல்லாங்குழல். வயலின்காரர்கள் சாப்பிடப் போயிருந்தபோது பதிவானது. படத்தைப் பற்றிப் பத்திரிகைக்குக் கொடுத்த நாலு பக்கப் பேட்டியில் ஸ்ரீதர் அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

கடைசி ரீல் மாற்றும் இடைவெளியில் அவர் ஆபரேட்டர் அறைக்கு ஓடினார்.

“வால்யூமை எங்கிட்ட விடுய்யா.”

“தொடக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

“உன்னத்தான் சொன்னேன்.”

கதாநாயகி கிணற்றை நோக்கி நடந்தாள். வயலின்கள் கிளம்பும் நேரம். ஸ்ரீதர் வால்யூமை முழுக்க அடைத்தார்.

புரொஜெக்டரின் கடகடப்பு மட்டும். கங்கம்மாளின் கை மகளின் கண்ணருகே நின்றது; எப்போது பொத்துவதென்று தெரியவில்லை. ஒருவர், கடித்த முறுக்கை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். கதாநாயகி எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ராட்டினம் அசைந்தது. ஸ்ரீதர் நூலளவு திறந்தார்.

கிறீச். குழலின் ஒற்றைச் சுரம்.

கங்கம்மாள் மகளை விட்டுவிட்டுத் தன் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

படம் முடிந்ததும் பரசுராமன் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி ஆபரேட்டர் அறைக்கே வந்தார். படத்தை எடுத்துக்கொள்வதாகவும், இசையை மாற்ற வேண்டாமென்றும் சொன்னார். ஸ்ரீதர் நிமிர்ந்தார்.

“ஒண்ணு மட்டும் சார்,” என்று பரசுராமன் தொடர்ந்தார். “படப்பெட்டி எந்தக் கொட்டாய்க்குப் போனாலும் கூடவே கோதண்டத்தையும் அனுப்பிடுங்க. உங்க மியூசிக்க எங்க நிறுத்தணும்னு அவருக்குத்தான் தெரிஞ்சிருக்கு.”

கோதண்டம் ஸ்ரீதரைப் பார்த்தார். ஸ்ரீதர் வால்யூமைத் திருப்பிய கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.