பதினேழாம் கேள்வியில் ஒட்டிய அம்பு

1

வலது தோள்பட்டைக்குக் கீழே ஓர் இடத்தில் வலிக்கிறது. ஒன்பது வருடம் ஓவர்லாக் தையல் மெஷினில் குனிந்திருந்ததற்குக் கிடைத்தது. ஆபீஸ் நாற்காலிக்கு மாறி நான்கு வருடம் ஆகியும் போகவில்லை. நெருப்பெரிச்சல் என்ற ஊரில், என் ஒற்றை அறையில், ஞாயிறு மத்தியானம், அந்த வலியோடு இதை எழுதுகிறேன். கதை எங்கிருந்து வந்தது என்றால், நான் செய்த ஒரு காரியத்திலிருந்து.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அறிவு என்பது பெருங்கடல். அதை அளக்கத் துணிந்த மனிதன்—’

அடித்துவிட்டேன். கடலை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

2

எங்கள் பனியன் கம்பெனியில் குவாலிட்டி கண்ட்ரோலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அறிவுத்திறன் சோதனை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றது தரணி மேடம், முதலாளியின் மகள். நடத்தியது நான்.

உளவியல்காரர்களிடம் அறிவுத்திறனுக்கு ஒரே விளக்கம் கிடையாது. புதிதாகக் கற்பது, காரணம் காண்பது, சூழலுக்குத் தக்கபடி நடப்பது என்று அடுக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பொதுத்திறன் ஓடுகிறது என்று ஒரு கட்சி. இல்லை, திறன்கள் பல என்று இன்னொரு கட்சி. அளக்கும்போது மட்டும் உன் வயதுக்காரர்கள் பல பேரோடு உன்னை நிறுத்திப் பார்க்கிறார்கள். நடுவில் நிற்பவருக்கு நூறு. தனி ஆளாக யாருக்கும் எண் கிடையாது.

[பாடம் நடத்துகிறானே என்பீர்கள். நடத்திக்கொள்கிறேன். தையல் லைன் ஆட்கள் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆபீஸ் ஆட்கள் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. என்னை நிறுத்திப் பார்க்கப் பக்கத்தில் ஆளில்லை.]

3

பிரிசில்லாவை இரண்டு தடவை தப்பாக எழுதினேன். முதல் வரைவில் பாவப்பட்டவள், அடுத்ததில் ஞானி. இரண்டும் பொய். சாயல்குடிப் பக்கத்துக்காரி, வயது முப்பத்தாறு, வாய் நீளம். பதினோரு வருடமாகச் செக்கிங் டேபிளில் நின்றே வேலை. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. கண்ட்ரோலருக்கு நாற்காலி உண்டு. அவளுக்கு வேண்டியது அந்த நாற்காலிதான்.

செக்கிங்கில் ஒரு முறை இருக்கிறது. துணியில் குறை கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவார்கள். சரி செய்வது அவர்கள் வேலையில்லை. அது டெய்லரிடம் போய், ஆல்டர் ஆகித் திரும்பி வரும். மறுபடி பார்த்துத்தான் பாஸ் பண்ணுவார்கள்.

சோதனை கேண்டீனில் நடந்தது. முப்பது கேள்வி, இருபது நிமிடம். ஒவ்வொன்றிலும் ஒரு படவரிசை; விடுபட்ட படத்தைக் கீழே உள்ள ஐந்திலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

“என்னண்ணே, மூளைக்கும் அளவெடுக்கிறீகளா? எனக்கு எக்ஸ்எல் போடுங்க” என்றாள் பிரிசில்லா. பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

நேரம் முடிந்து தாளை வாங்கினேன். பதினேழாம் கேள்வியில் டிக் இல்லை. சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

“இதென்ன?”

“மூணும் அஞ்சும் ஒரே படம்ணே. உத்துப் பாருங்க.”

“ஏதாவது ஒண்ண டிக் பண்ணியிருக்கலாமே.”

“குறை உள்ள பீஸ எப்பிடிப் பாஸ் பண்ண? ஆல்டர் பண்ணித் தருவீகன்னுல்ல காத்துக்கிட்டு இருந்தேன்.”

4

அவள் சொன்னது சரி. மூலத்தாளில் ஐந்தாம் படத்துக்குள் ஒரு சிறு புள்ளி உண்டு. ஜெராக்ஸ் எடுத்தது நான். மை மங்கி, புள்ளி விழவில்லை. மற்ற இருபத்திரண்டு பேரும் முதலில் கண்ணில் பட்ட மூன்றை டிக் அடித்திருந்தார்கள். விடைக்குறிப்பிலும் மூன்றுதான். எல்லோருக்கும் மார்க்.

பிரிசில்லாவுக்குப் பதினொன்று. தேற வேண்டியது பன்னிரண்டு.

“ஏனுங்ணா, பேப்பர்ல ஏதாச்சும் தப்பு இருந்துச்சுங்களா? யாராச்சும் சொன்னாங்களா?” என்று தரணி மேடம் கேட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். உண்மையாகவே கேட்டார், அதை மாற்றி எழுத மாட்டேன்.

“இல்லைங்க மேடம்” என்றேன். அம்பை அதற்கு முன்பே நகத்தால் உரித்திருந்தேன்.*

* ஸ்டிக்கரை உரித்தால் பசை நிற்கும். அதில் தூசி படிந்து, ஃபைலில் இப்போது அம்பு கறுப்பாகத் தெரிகிறது.

5

முடிவு ஒன்று: ராமர் (நான்தான், பெயர் சொல்ல இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது) திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போய்—

கதவு வரைதான் அவனை நடத்த முடிந்தது. உள்ளே போனால் ஜெராக்ஸ் எடுத்தது யார் என்று கேட்பார்கள். அவனுக்கும் நாற்காலி ஒன்றுதான்.

முடிவு இரண்டு: பிரிசில்லா வேறு கம்பெனிக்குப் போய் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். இது எனக்கு வசதி. அதனாலேயே வேண்டாம்.

நடந்தது இவ்வளவு. டீ நேரத்தில் பழைய ஞாபகத்தில் செக்கிங் டேபிள் பக்கம் போனேன். பிரிசில்லா ஒரு காலை மாற்றி ஊன்றிக்கொண்டாள். பதினேழாம் கேள்வியைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“டீ குடிக்கிறீகளா, சார்?” என்றாள்.

பதினோரு வருடம் அண்ணே என்றவள்.

மூன்றாவது முடிவுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதலாம். மேடத்தை எப்படி வேண்டுமானாலும் நடத்துங்கள், ராமரைக் கதவுக்குள் தள்ளிவிடுங்கள். ஆனால் அதில் எதுவும் என் கணக்கில் வராது.

பதினேழாம் கேள்விக்கு ஒரு மார்க். பிரிசில்லாவுக்கு நான் இன்னும் கொடுக்கவில்லை.